பையனுக்கு வேண்டியது டாக்டர், கிடைத்ததோ டி.சி.!

காட்பாடியில் நமது ஆபீசுக்கு ஒரு நாள் விடியற்காலையில் ஒருவர் வந்து நின்றார். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு டேனரியில் 22 வருஷமாக டிரம் பிரிவில் வேலை செய்கிறவர். சுண்ணாம்பும் ரசாயனமும் தின்று தீர்த்த விரல் நகங்கள். சங்கக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து, கடைசிவரை பேசாமல் இருந்துவிட்டுப் போகிற சுபாவம். அன்று அவரேதான் பேச்சை எடுத்தார்.

"தோழரே, பையனைக் காலேஜ்ல நிறுத்திட்டாங்க. குடிக்கிறானாம். மாத்திரை வேற போடுறானாம். என் வயித்துல பொறந்தவன் இப்படின்னு வெளிய சொல்ல வாய் வரல. உங்ககிட்ட சொல்றேன்."

அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அந்தப் பையன். தாயின் தாலிச் செயின் அடகுக் கடையில் இருக்கிறது. தகப்பனார் பி.எஃப். பணத்தில் எடுக்கக்கூடியதை எல்லாம் எடுத்துப் பீஸ் கட்டினார். இரண்டாவது வருஷத்தில், ஹாஸ்டல் அறையைச் சோதனை போட்டபோது பெட்டிக்கடியில் ஒரு பாட்டிலும், ஒரு அட்டை மாத்திரையும் அகப்பட்டன. மறுநாள் தகப்பனாருக்குப் போன் வந்தது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஓடினார். ஒரு மணி நேரம் வராந்தாவில் நிற்கவைத்தார்கள். பிறகு உள்ளே கூப்பிட்டு, "உங்கள் பையன் மற்றப் பிள்ளைகளையும் கெடுத்துவிடுவான்" என்று சொல்லி ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது தெரியுமா, வாசகர்களே? "சொந்த விருப்பத்தின் பேரில் மாற்றுச் சான்றிதழ் கோருகிறேன்" என்று!

சொந்த விருப்பமாம்! தாலியை அடகு வைத்துப் பிள்ளையைச் சேர்த்த தகப்பன் தன் சொந்த விருப்பத்தின் பேரில் அவனை நடுவழியில் இறக்கிக்கொண்டானாம்!

அந்த நிர்வாகத்தின் பெயரை நாம் இங்கே எழுதப் போவதில்லை. பயத்தினால் அல்ல. ஒரு பெயரை எழுதினால், அதே காரியத்தை அதே மாதிரிக் காகிதத்தில் செய்கிற மற்றவர்கள் தாங்கள் யோக்கியர்கள் என்று தப்பித்துக்கொள்வார்கள்.

வார்டன் பேசினார், முதல்வர் பேசினார், நிர்வாக அதிகாரி பேசினார். ஆனால் ஒருவர் வாயிலிருந்தாவது "டாக்டர்" என்ற சொல் வந்ததா என்று நாம் அந்தத் தோழரைத் திரும்பத் திரும்பக் கேட்டோம். வரவில்லை. போகட்டும், "இவனைத் திடீரென்று நிறுத்தவிடாதீர்கள், ஆபத்து" என்றாவது ஒருவர் எச்சரித்தாரா? அதுவும் இல்லை. படித்தவர்கள் நிறைந்த கட்டிடம் அது!

விளைவைக் கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த பையனைத் தகப்பனார் அறையில் போட்டுப் பூட்டினார். ஒரு வருஷத்துக்கு மேலாக தினமும் குடித்து வந்தவனுக்கு ஒரே நாளில் ஒரு சொட்டும் இல்லாமல் போயிற்று. முதல் நாள் கை நடுக்கம், வியர்வை, வாந்தி. "நடிக்கிறான்" என்றார்கள். இரண்டாம் நாள் இரவு வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டான். காற்றுக் கருப்பு என்று சொல்லி வேப்பிலை அடிக்க ஆள் தேடப் போனார் ஒரு உறவினர். நல்லவேளையாக, ஆட்டோ ஓட்டும் பக்கத்து வீட்டுக்காரர் பூட்டை உடைக்கச் சொல்லி, பையனைத் தூக்கி வண்டியில் போட்டு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு விரட்டிக்கொண்டு போனார். உயிர் பிழைத்தது.

இதில் உள்ள வைத்திய விஷயத்தை நமது தோழர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். அதிகமாக, அன்றாடம் குடித்து வந்தவர்களின் மூளையும் நரம்பும் அந்தச் சாராயத்துக்குப் பழகிப்போகின்றன. அதைத் திடீரென்று பறித்தால் நரம்பு முறுக்கேறுகிறது. நிறுத்திய சில மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்துவார்கள், ஆள் அடையாளம் தெரியாது. அந்தக் கட்டத்தில் வைத்தியம் இல்லாவிட்டால் சாவே நேரலாம். ஆஸ்பத்திரியில் இதற்கு மருந்து இருக்கிறது. நரம்பை அமர்த்துகிற மாத்திரையைக் கணக்காகக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து, பி-1 வைட்டமின் ஊசி போட்டு ஒரு வாரம் பத்து நாளில் உடம்பை மீட்டுவிடுகிறார்கள். அதாவது, உயிர் போகக்கூடிய அந்த நாலு நாளை மருந்து கடக்கவைக்கிறது. அந்த நாலு நாளைத்தான் நாம் பூட்டுப் போட்டுக் கழிக்கிறோம்!

உடம்பு தெளிந்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மறுபடி அந்த ஆசை எழும். அதற்குத் தனி மருந்துகள் உண்டு. உட்கார்த்தி வைத்துப் பேசுகிற வைத்தியம் உண்டு. மாதக்கணக்கில் போய்வர வேண்டும். நடுவே ஒருமுறை சறுக்கினால் "எல்லாம் போச்சு" என்று அர்த்தமல்ல. சர்க்கரை வியாதிக்காரர் ஒருநாள் லட்டுத் தின்றுவிட்டால் வீட்டை விட்டுத் துரத்துகிறோமா?

ஆனால் ஒழுக்கம், ஒழுக்கம் என்று முழங்குகிறவர்கள் இதை வியாதி என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சட்டம் ஒப்புக்கொள்கிறது. பார்லிமெண்டு 2017-இல் நிறைவேற்றிய மனநலப் பாதுகாப்புச் சட்டம், குடியினாலும் போதைப்பொருளினாலும் உண்டாகும் மனநிலைக் கோளாறுகளை மனநோய் என்ற விளக்கத்துக்குள்ளேயே சேர்த்திருக்கிறது. சர்க்கார் நடத்துகிற அல்லது சர்க்கார் பணம் கொடுக்கிற ஆஸ்பத்திரிகளில் வைத்தியம் பெறுவது உரிமை என்கிறது. நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டியது வைத்தியம் செய்கிறவர்களின் கடமை என்கிறது. 18 வயது நிறைந்தவர் தாமாகவே வந்து சேரலாம், அப்பன் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இன்னொன்றும் கேளுங்கள். போலீசைக் கண்டு பயந்துதானே பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை? 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டம் மிகக் கடுமையான சட்டம். அந்தச் சட்டத்திலேயே 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. உபயோகித்த குற்றத்துக்காகவோ, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்குப் போடப்பட்ட அடிமை, தாமாக முன்வந்து சர்க்கார் ஆஸ்பத்திரியிலோ சர்க்கார் அங்கீகரித்த நிலையத்திலோ வைத்தியத்துக்குச் சேர்ந்து அதை முடித்தால், அந்த வழக்கிலிருந்து அவருக்கு விலக்கு உண்டு. பாதியில் விட்டு ஓடினால் விலக்கு போய்விடும்.

அப்படிப்பட்ட சட்டமே வைத்தியத்துக்குக் கதவு திறந்து வைத்திருக்கும்போது, கல்லூரி நிர்வாகம் மட்டும் கதவை அடைப்பது எந்த நியாயம்? வழக்கு இல்லை, விசாரணை இல்லை, டாக்டர் இல்லை. ஒரே காகிதம், ஒரே கையெழுத்து, முடிந்தது! கல்லூரியின் பெயர் கெடக்கூடாதாம். பெயர் கெட்டால் அடுத்த வருஷ அட்மிஷன் குறையுமாம். அதற்காக ஒரு டேனரித் தொழிலாளி வீட்டின் முதல் பட்டம் பலி.

இன்னொரு விஷயத்தை நாம் கவனித்திருக்கிறோம். வசதியுள்ள வீட்டுப் பையன் அகப்பட்டால் "மஞ்சள் காமாலை" என்று ஒரு சர்டிபிகேட் வருகிறது. தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் இருந்துவிட்டு, 75 சத வருகைக் கணக்கையும் சரிக்கட்டிக்கொண்டு, அடுத்த செமஸ்டருக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறான். வரட்டும், அவனும் பிள்ளைதான். குடி பணக்காரன் வீட்டையும் விடுவதில்லை. மத்திய நிதி மந்திரியாக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரன் டி.டி. ரங்கநாதன் இந்த வியாதியில்தான் 1979-இல், 33 வயதில் இறந்தார். அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் அந்தத் துக்கத்திலிருந்து எழுந்து 1980-இல் சென்னையில் அவர் பெயராலேயே ஒரு சிகிச்சை நிலையம் ஆரம்பித்தார். குடிகாரனை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதா என்று சிரித்த காலம் அது. அந்த அம்மையாரை நாம் பாராட்டுகிறோம். நாம் கேட்பதெல்லாம், பணக்காரன் மகனுக்குக் கிடைக்கிற அந்த "மஞ்சள் காமாலை" மரியாதை தோல் தொழிலாளி மகனுக்கும் வேண்டும் என்பதுதான்.

இனி சர்க்காரிடம் வருவோம்.

2022 ஆகஸ்டு 11-ந் தேதி தமிழ்நாடு முழுதும் பள்ளி, கல்லூரி மாணவர்களை வரிசையாக நிற்கவைத்துப் போதைக்கு எதிராக உறுதிமொழி எடுக்கச் சொன்னார்கள். நமது பையனும் எடுத்திருப்பான். மறுநாளும் கடை திறந்தது. அந்தக் கடைக்குச் சொந்தக்காரர் யார்? உறுதிமொழி வாசித்த அதே சர்க்கார்! டாஸ்மாக் என்ற கம்பெனி 1983-இல் ஆரம்பிக்கப்பட்டது மொத்த விற்பனைக்காக. 2003-இல் சில்லறை விற்பனையையும் சர்க்காரே கையில் எடுத்துக்கொண்டது. 2003-04-இல் சுமார் 3,600 கோடி ரூபாயாக இருந்த வருமானம் 2023-24-இல் 45,855 கோடி. 2024-25-இல் 48,344 கோடி. இந்த 20 வருஷத்தில் இரண்டு கட்சிகளும் மாறி மாறி ஆண்டார்கள். இந்தக் கணக்கு மட்டும் இரண்டு கட்சி ஆட்சியிலும் பெருகியது. 21 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு விற்கக்கூடாது என்று சர்க்காரின் சொந்த விதியே இருக்கிறது. நமது பையன் முதல் பாட்டில் வாங்கியபோது அவனுக்கு 18 முடிந்து சில மாதம். கடையில் எவரும் வயது கேட்கவில்லை.

2023 ஜூனில் 5,329 கடைகளில் 500-ஐ மூடினார்கள். மிச்சம் 4,829. பிறகு 2025-இல் "கலங்கரை" என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைச் சர்க்கார் திறந்தது. நல்ல காரியத்தை நல்ல காரியம் என்றே சொல்வோம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏறக்குறைய 193 கடைக்கு ஒரு மையம்! அரசு மருத்துவக் கல்லூரிகளில் மனநோய்ப் பிரிவுகள் இருப்பதையும் நாம் மறைக்கவில்லை. அப்படியும் நிலைமை என்ன? மத்திய சமூக நீதி அமைச்சகம் டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியைக் கொண்டு எடுத்து 2019-இல் வெளியிட்ட கணக்கில், நாட்டில் குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு வைத்தியம் கிடைத்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்ந்து வைத்தியம் பெற்றவர் 180-இல் ஒருவர்! 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 65-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். இறந்தவர் குடும்பத்துக்கு ஆளுக்கு 10 லட்சம் அறிவித்தார்கள். அந்த ஏழைகளுக்குக் கொடுத்ததை நாம் குறை சொல்லவில்லை. செத்தபிறகு 10 லட்சம் தருகிற கஜானா, உயிரோடு இருக்கும்போது ஒரு கட்டிலும் ஒரு டாக்டரும் தரக்கூடாதா?

நம்மவர்களில் ஒரு சாரார் உடனே சொல்வார்கள்: "கடையை மூடு, எல்லாம் தீர்ந்துவிடும்." கடைக்கு எதிரான போராட்டத்தை நாம் மதிக்கிறோம். 2015 ஜூலை 31-ந் தேதி மார்த்தாண்டம் அருகே கடையை அகற்றக் கோரிச் செல்போன் கோபுரத்தில் ஏறிய காந்தியவாதி சசி பெருமாள் அந்தப் போராட்டத்திலேயே உயிர் விட்டார். ஆனால் தோழர்களே, நாளைக் காலை எல்லாக் கடையையும் இழுத்து மூடினால், அன்று இரவே பூட்டிய அறையில் நடுங்கப் போகிறவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்குப் படுக்கை எங்கே? 1948-லிருந்து 1971 வரை மாகாணம் முழுதும் மதுவிலக்கு இருந்தது. அந்தக் காலத்தில் நமது சாத்கர் மலையிலும் அல்லேரி மலையிலும் ஊறல் போடாமல் இருந்தார்களா என்று ஆம்பூர், பேரணாம்பட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். இன்று கடையில் கிடைக்காததை ரயில் கொண்டுவருகிறது. ஆந்திரா பக்கமிருந்து வருகிற கஞ்சா மூட்டையைக் காட்பாடி ஜங்ஷனில் பிடித்தார்கள் என்ற செய்தி இல்லாத மாதம் உண்டா? வலிக்குக் கொடுக்கிற மாத்திரையைப் பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிற கொடுமையும் வந்துவிட்டது. ஒரே ஊசியை நாலு பேர் மாற்றிக்கொள்வதால் எய்ட்சும் ஈரல் நோயும் வருகின்றன. கடைக்குப் பூட்டும் வேண்டும், ஆஸ்பத்திரிக்குக் கட்டிலும் வேண்டும். முதலாவதைப் பேசி இரண்டாவதை மறக்கிறவர் குடிகாரனைக் கணக்கில் எடுக்கவில்லை.

நம் வீட்டு வாசலையும் கொஞ்சம் பெருக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தகப்பனாரிடம் நாம் நேருக்கு நேராகக் கேட்டோம்: "நீங்கள்?" அவர் தரையைப் பார்த்தார். "ஷிப்டு முடிஞ்சா அந்த நாத்தம் போகாது தோழரே. ஒரு கட்டிங் போட்டாத்தான் சோறு இறங்கும்." பச்சைத்தோல் நாற்றத்தில் எட்டு மணி நேரம் நிற்பது என்னவென்று நமக்குத் தெரியும். முதலாளி அதற்குக் கையுறையும் காற்றோட்டமும் சரியாகத் தருவதில்லை; அந்தக் குறையைக் குவார்ட்டர் பாட்டில் அடைக்கிறது. அதனால் முதலாளிக்கும் லாபம், சர்க்காருக்கும் லாபம். தகப்பன் உடம்பு வலிக்கு மருந்தாக எடுத்ததைப் பிள்ளை கவலைக்கு மருந்தாக எடுத்துக்கொண்டான். இங்கிலீஷ் பாடம் புரியாத கவலை, அரியர் கவலை, ஹாஸ்டலில் ஜாதி பார்த்துப் பேசுகிறவர்களின் பார்வை. இதையெல்லாம் அவன் நம்மிடம் ஆஸ்பத்திரியில்தான் சொன்னான். வீட்டில் யாரும் கேட்கவில்லை, கல்லூரியிலும் யாரும் கேட்கவில்லை.

இந்த வெட்கத்தை வைத்துத்தான் சிலர் பணம் பண்ணுகிறார்கள். "குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்" என்று பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் நோட்டீசு. கொடுக்காதீர்கள்! குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் போகச் செய்கிற மருந்து ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. அது டாக்டர் பரிசோதித்து, நோயாளிக்குத் தெரிவித்து, அவர் சம்மதத்தோடு தர வேண்டியது. தெரியாமல் கலந்து, அவர் வழக்கம்போல் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் விழுந்து ஆளே போகலாம். அதேபோல, "மறுவாழ்வு இல்லம்" என்று போர்டு மாட்டிக்கொண்டு, ஆளைக் கட்டித் தூக்கிக்கொண்டு போய் அடைத்து உதைக்கிற இடங்கள் இருக்கின்றன. போதை நோயாளிகளைத் தங்கவைத்து வைத்தியம் செய்கிற இடம், மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுக் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். எந்த டாக்டர் வருகிறார், எந்த நாளில் வருகிறார் என்று கேளுங்கள். முகம் சுளித்தால் பிள்ளையைக் கையோடு திரும்ப அழைத்து வாருங்கள்.

நமது ஜில்லாவின் அதிசயம் என்னவென்றால், தேடிப் போக வேண்டிய இடம் காலடியிலேயே இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் மனநல மையம் பாகாயத்தில் 1957-லேயே ஆரம்பிக்கப்பட்டது. மனநோயாளியைச் சங்கிலியில் கட்டிவைத்த காலத்தில், நோயாளியோடு குடும்பத்தாரையும் கூடவே தங்கவைத்து வைத்தியம் செய்கிற முறையை அங்கே கொண்டுவந்தார்கள். காசு இல்லாதவருக்கு அடுக்கம்பாறை இருக்கிறது. போன் செய்து கேட்க விரும்புகிறவர், போதைப் பழக்கத்துக்கென்றே மத்திய சர்க்கார் வைத்திருக்கும் 14446-ஐயும், 2022-இல் தொடங்கிய டெலி-மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-ஐயும் காசில்லாமல் கூப்பிடலாம். டெலி-மானசில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். காட்பாடியிலிருந்து பாகாயத்துக்கு நேரே டவுன் பஸ் ஓடுகிறது. அந்தப் பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்து தினமும் கல்லூரிப் பிள்ளைகள் போகிறார்கள். அவர்களில் உதவி தேவைப்படுகிறவன் அந்த வாசலில் இறங்காமல் ஏன் போகிறான்? "தெரிந்தால் டி.சி." என்ற பயம்! பஸ் சார்ஜு தடையல்ல, இந்தப் பயமே தடை.

ஆகவே காட்பாடி, வேலூர் வட்டாரக் கல்லூரி நிர்வாகங்களை நாம் பகிரங்கமாகக் கேட்கிறோம். தானாக வந்து "எனக்கு உதவி வேண்டும்" என்று சொல்கிற மாணவன் மீது நடவடிக்கை இல்லை என்று நோட்டீசு போர்டில் எழுதி ஒட்டத் தயாரா? அகப்பட்டவனையும் முதலில் டாக்டரிடம் அனுப்பி, வைத்தியம் நடக்கும் நாட்களை மருத்துவ விடுப்பாகக் கணக்கிட்டு, ஹாஸ்டல் இடத்தையும் பரீட்சை உரிமையையும் காப்பாற்றி வைப்பீர்களா? பெயருக்கு ஒரு "கவுன்சலர்" போர்டு மாட்டி, அங்கே சொன்னதை மறுநாள் வார்டனுக்குச் சொல்வதை நிறுத்துவீர்களா? மாத்திரை விற்கிற கும்பலைப் பிடியுங்கள், போலீசுக்குக் கொடுங்கள், அதில் நமக்கு ஆட்சேபணை கிடையாது. விற்கிறவனையும் நோயாளியையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள்.

பையனைப் பற்றி: ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாலு மாதமாகிறது. நடுவில் ஒரு முறை, தீபாவளியன்று, சறுக்கினான். மறுநாள் அவனே தகப்பனாரிடம் சொல்லி இருவருமாக அடுக்கம்பாறைக்குப் போய் வந்தார்கள். தகப்பனாரும் அங்கேயே தமக்கும் சீட்டு எழுதிக்கொண்டார் என்பதை நாம் எதிர்பார்க்கவில்லை. வேறு கல்லூரிகளில் கேட்டால், "ஏன் நடுவில் டி.சி.?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். சங்கத் தோழர்கள் ஐந்து பேரும் மாணவர் சங்கத் தோழர்கள் மூன்று பேருமாகப் பழைய கல்லூரிக்கே போனோம். டாக்டர் கொடுத்த காகிதத்தையும், சட்டப் பிரிவை எழுதிய மனுவையும் கொடுத்தோம். "கமிட்டி கூடி முடிவு சொல்லும்" என்றார்கள். மூன்று வாரமாகக் கமிட்டி கூடவில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மறுபடி போகிறோம். இந்தத் தடவை, ஷிப்டு இல்லாத டேனரித் தோழர்களும் வருகிறார்கள். பையனும் வருகிறான்.